ஆசிரியர் வருவார்

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒருமுறை என் பார்வைக்கு வந்தது. 'என் முதல் ஆசிரியர்' என்பது அதன் தலைப்பு. அவ்வாசிரியர் காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆயின என்று அவன் முதல் வரியிலேயே எழுதியிருந்தான். இரண்டாம் வரி, 'ஹி வில் கம் டு ஸ்கூல் ஆன் எ சைக்கிள்' என்று அமைந்திருந்தது. மறைந்துபோனவர் இனிமேல் மிதிவண்டியில் பள்ளிக்கு வரப்போகிறார் என்பது அதன் பொருள். உடன் இருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'அவர் மிதிவண்டியில் வருவார்' என்று அவன் நல்ல தமிழில் எண்ணியிருக்கிறான். 'வருவார்' என்பது எதிர்காலம் என்று தமிழ் வகுப்பில் கற்றிருக்கிறான். எதிர்காலத்திற்கு 'வில்' வரும் என்று ஆங்கில வகுப்பில் கற்றிருக்கிறான். கற்றவற்றையெல்லாம் மறவாமல் எழுதியும் பிழையில் போய் விழுந்தான்.

இப்பிழைக்குக் காரணம் ஆங்கிலம் அறியாமை என்று பலர் கருதுவர். தமிழின் இயல்பை எண்ணிப் பாராமையே காரணம் என்பது என் கருத்து. 'நாளை வருவார்' என்கிறோம். 'அந்நாளில் நாள்தோறும் வருவார்' என்றும் கூறுகிறோம். முன்னது இனி நிகழ்வது. பின்னது கடந்த கால வழக்கம். சொல் ஒன்றே, தொழில் இரண்டு. மூன்று காலத்திற்கும் பொதுவாகிய இயல்பை எவ்வகை வினையால் கூறவேண்டும் என்று தொல்காப்பியர் தனியே விதி வகுத்தார். மலை நிற்கும் என்பது அதற்கு உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு. நிற்பது மலையின் இயல்பு. அங்கே காலக் கணக்கு இல்லை. அதுபோலவே, மிதிவண்டியில் வருதல் அவ்வாசிரியரின் வழக்கம்.

வியப்பு என்னவெனில், ஆங்கிலமும் ஏறக்குறைய இவ்வழியிலேயே நடக்கிறது. 'வில்' என்பதன் இறந்தகால வடிவம் 'வுட்'. பழைய வழக்கங்களைக் கூற ஆங்கிலேயர் அந்த 'வுட்' என்னும் சொல்லையே எடுத்தாள்கின்றனர். ஆகவே அம்மாணவன் நெடுந்தொலைவு வழி தவறிவிடவில்லை. 'வில்' என்பதை 'வுட்' என்று மாற்றியிருந்தால் போதும். மிதிவண்டி இறந்த காலத்திற்குத் திரும்பியிருக்கும்.

'யூஸ்டு டு' என்னும் மற்றொரு தொடரும் உண்டு. முன்பு இருந்தது, இப்போது இல்லை என்னும் குறிப்பு அதில் அடங்கியிருக்கும். 'பள்ளி வாயிலில் ஒரு வேப்பமரம் இருந்தது. இப்போது இல்லை' என்பதை இத்தொடரால் கூறலாம். 'வுட்' கொண்டு கூறலாகாது. 'வுட்' மீண்டும் மீண்டும் செய்த செயலுக்கே உரியது. நிலைத்திருந்த ஒன்றுக்குப் பொருந்தாது. 'ஹி இஸ் யூஸ்டு டு' என்று இடையில் ஒரு சிறு சொல் நுழைந்தால் பொருளே வேறு. 'அதற்குப் பழகியவர்' என்று ஆகிவிடும். எதிர்மறையில் 'டிட் நாட் யூஸ் டு' என்று இறுதி எழுத்தை விட்டு எழுதவேண்டும். இவற்றைப் பத்து வாக்கியம் எழுதிப் பழகினால் கை தானே அறிந்துகொள்ளும்.

ஆனால் இந்த வேறுபாடு மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியது என்று எண்ணிவிட வேண்டா. 'ஆசிரியர் அடித்தார்' என்பதும் 'ஆசிரியர் அடிப்பார்' என்பதும் ஒன்றா? முன்னது ஒரு நாள் நிகழ்ச்சி. பின்னது ஒரு மனிதரின் குணம். ஒருமுறை சினந்து அடித்தவரை 'அடிப்பார்' என்று எழுதினால் அவர்மீது பழி சுமத்துகிறோம். பசித்து வந்த பிள்ளைக்கு நாள்தோறும் தம் உணவில் பாதி கொடுத்தவரை 'கொடுத்தார்' என்று மட்டும் எழுதினால், என்றோ ஒரு நாள் கொடுத்தவர் ஆகிவிடுகிறார். ஆசிரியர் மறுத்துரைக்க உயிருடன் இல்லாத போது நம் வினைச்சொல்லே அவருக்குச் சான்று.

உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் எழுதிவந்தார். 1876இல் மறைந்த தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி அதில் விரிவாகக் கூறுகிறார். பிள்ளையவர்கள் மனத்திலேயே செய்யுளை அமைத்து வாயாற் சொல்வார்; மாணவர் ஏட்டில் எழுதுவர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தும் அவ்வாசிரியரின் பழக்கங்கள் மாணவர் நினைவில் மங்கவில்லை. இதனை ஆங்கிலத்தில் பெயர்க்க விரும்புவோர் 'சொல்வார்', 'எழுதுவர்' என்பவற்றை எவ்வாறு பெயர்ப்பர் என்று எண்ணிப் பாருங்கள். அங்கே 'வில்' என்று எழுதுவோர் எவரும் உளரோ?

சொல் வளத்திலும் இதே கவனம் வேண்டும். ஆசிரியரைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர் பலர் 'குட்', 'ஸ்ட்ரிக்ட்' என்னும் இரண்டு சொற்களோடு நின்றுவிடுகின்றனர். 'ஸ்ட்ரிக்ட்' என்பது கண்டிப்பு. 'ஸ்டெர்ன்' என்பது முகத்திலும் குரலிலும் தோன்றும் கடுமை. 'ஹார்ஷ்' என்பது இரக்கமின்மை. கண்டிப்பும் இரக்கமும் ஒருவரிடமே இருக்கலாம். ஆதலின் சொல்லைத் தேர்ந்து எழுதவேண்டும். பெயர்ச்சொற்களோ இன்னும் சுவையுடையவை. 'டீச்சர்' என்னும் சொல்லின் பழைய வேர் 'காட்டுதல்' என்னும் பொருளது. 'டியூட்டர்' என்பதன் இலத்தீன் வேருக்குக் காத்தல் என்று பொருள். 'பெடகாக்' என்பது பழைய கிரேக்கத்தில் சிறுவனைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் அடிமையைக் குறித்தது. இன்றோ விதிகளைப் பிடித்துக்கொண்டு வருத்தும் ஆசிரியரைக் குறிக்கப் பெரும்பாலும் வழங்குகிறது. நம் 'உபாத்தியாயர்' 'வாத்தியார்' என்று குறுகியதும் இங்கு நினைவுக்கு வருகிறது. இன்னொன்று: நாம் வகுப்பில் 'டீச்சர்' என்று அழைக்கிறோம், இங்கிலாந்துப் பள்ளிகளில் அவ்வாறு விளிப்பது பொதுவாக வழக்கமில்லை. 'சார்', 'மிஸ்' என்றோ பெயருடன் சேர்த்தோ அழைப்பர்.

அம்மாணவனை அழைத்து, கட்டுரையைத் தமிழில் ஒருமுறை வாயாற் சொல்லச் சொன்னேன். சொன்னான். ஒவ்வொரு வினையிலும் நிறுத்தி, 'ஒரு நாளா, நாள்தோறுமா?' என்று கேட்டேன். அவன் சிறிது எண்ணி விடை கூறினான்; பிறகு திருத்தி எழுதினான். மிதிவண்டிக்கு 'வுட்' வந்தது; வேப்பமரத்திற்கு 'யூஸ்டு டு' வந்தது. ஒரு வரியை மட்டும் அவன் சாதாரண இறந்த காலத்திலேயே விட்டிருந்தான். ஆசிரியர் அவனை அடித்த வரி அது. ஏன் என்று கேட்டேன். "ஒரு நாள்தான் ஐயா" என்றான்.