மதிப்பெண் இட்டு அளந்த குடியுரிமை

நிலத்தைத் திருப்பித் தருவது வேறு. அந்நிலத்து மக்களைக் கைகழுவுவது வேறு. 1984 திசம்பர் 19இல் பீகிங்கில் கையெழுத்தான உடன்படிக்கையால் ஆங்காங்கைச் சீனத்திடம் ஒப்படைக்க ஆங்கிலேயர் இசைந்தபோது இவ்விரண்டும் ஒன்றாக்கப்பட்டன. அங்கு வாழ்ந்தோரிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தப்படவில்லை.

கதவோ 1962 முதலே சிறிது சிறிதாகச் சாத்தப்பட்டு வந்தது. 1981ஆம் ஆண்டுச் சட்டம் அம்மக்களைச் 'சார்பு ஆட்சிப்பகுதிக் குடிகள்' எனப் பெயரிட்டு ஒதுக்கியது. கடவுச்சீட்டு உண்டு, அதைத் தந்த நாட்டில் குடியிருக்கும் உரிமை இல்லை! அதே சட்டம் சிப்ரால்ட்டர் மக்கள் முழுக் குடியுரிமை பெற வழிவிட்டது. போக்குலாந்துத் தீவினர்க்கு 1983இல் தனிச்சட்டமே வந்தது. ஆங்காங்கில் அவ்வுரிமை இழந்தோர் முப்பது இலக்கத்திற்கும் மேற்பட்டோர். எண்ணிக்கையா, நிறமா, எது தடுத்தது என்பதைப் படிப்போரே தேர்க.

1989 சூன் 4இல் பீகிங்கில் மாணவர்மேல் குண்டுகள் பாய்ந்தபின் ஆங்காங்கு நடுங்கியது. 1990இல் இலண்டன் ஒரு சட்டம் செய்தது. ஐம்பதாயிரம் குடும்பத் தலைவர்க்கும் அவர்தம் துணைவர், இளம் பிள்ளைகட்கும் மட்டும் முழுக் குடியுரிமை! தேர்ந்த முறையைக் கேளுங்கள்: அகவைக்கு, கல்விக்கு, தொழிற்பட்டறிவுக்கு என்று மதிப்பெண், ஆங்கிலப் புலமைக்கும் மதிப்பெண்! தேர்ச்சியுடையோர் ஊரைவிட்டு ஓடாதிருக்க ஒரு பிடிமானம் என்பதே நோக்கம் என வெளிப்படையாகவே சொன்னார்கள். மீன் விற்றவளும் ஆலையில் நின்றவனும் அத்தராசில் ஏற வழியில்லை.

பக்கத்திலேயே இருந்த மக்காவைப் பாருங்கள். போர்த்துக்கல் ஒன்றும் அருளாளர் நாடன்று; ஆயினும் 1981 நவம்பருக்கு முன் அங்குப் பிறந்தோரைத் தன் குடிமக்களாகவே கொண்டது; 1999இல் ஆட்சி கைமாறியபின்னும் அவ்வுரிமையைப் பறிக்கவில்லை.

ஆங்கிலேயர்க்கு இது புதிய பழக்கமன்று. 1948 பிப்பிரவரியில் இலங்கையை விட்டகன்றபோதும், தோட்டங்கட்குத் தாம் கொண்டுசென்ற தமிழரின் குடியுரிமையை உறுதி செய்யாமலே கப்பலேறினர். அவ்வாண்டிலேயே வந்த இலங்கைச் சட்டம் அவர்களுள் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. ஆங்காங்கிலும் இந்திய வழியினர் உள்ளிட்ட சீனரல்லாதார் நாடற்றோராக நின்றிருப்பர். நெடுங்காலம் மன்றாடிய பிறகு, கொடி இறங்கச் சில திங்களே இருந்தபோது, 1997இல் அவர்கட்கெனத் தனிச்சட்டம் வந்தது.

மற்றையோர்க்குக் 'கடல்கடந்த பிரித்தானியர்' என்னும் வெற்றுச்சீட்டே எஞ்சியது. எஞ்சிய சார்புப் பகுதியினர்க்கு 2002இல் முழுக் குடியுரிமை வழங்கப்பட்டது. அப்போது ஆங்காங்கு கைமாறி ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. 2021 சனவரி இறுதியில் அவ்வெற்றுச்சீட்டு உடையோர்க்கு நுழைவிசைவு திறக்கப்பட்டது. அதற்கும் கட்டணம் உண்டு.