பொருட்கவலையும் இணையவழிக் கல்வியும்

பொருள் இல்லாமை ஒரு துன்பம். பொருளைப் பற்றிய ஓயாத கவலை அதனினும் கொடிய துன்பம். முன்னது கையைக் கட்டிப்போடுகிறது. பின்னது அறிவையே மழுங்கச் செய்கிறது.

இது வெறும் உவமையன்று. நம் புதுவைக்கு அண்மையிலுள்ள விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு உழவர்களை ஆராய்ந்த அறிஞர்கள், 2013இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். அறுவடைக்கு முன்னர்க் கையில் பணமின்றி, நகையை அடகு வைத்துக் காலம் தள்ளும் உழவர், சிந்தனைத் திறன் தேர்வுகளில் பின்தங்கினர். அறுவடைக்குப் பின்னர் அதே உழவர் நன்கு செய்தனர். மாறியது அவர்தம் அறிவன்று. அறிவை அழுத்திக்கொண்டிருந்த கவலையே. அறிவில்லாதவனே வறியவனாகிறான் என்று எளிதாகத் தீர்ப்புக் கூறுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1898இல் தொடங்கப்பெற்று, முதலியார்பேட்டையில் பல தலைமுறைகளுக்குச் சோறிட்ட ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது. நிலையான ஊதியத்தை இழந்த இத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கக் கூடும். கண் பாடநூலில் இருக்க, மனம் கட்டணத் தேதியில் இருக்கும்.

அந்த நிலையை யானும் அறிவேன். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்த எனக்கு நான்கு மாதம் ஊதியம் வரவில்லை. மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. உறக்கம் வராத ஓர் இரவில், இருபத்தொரு நாளில் செல்வந்தராகலாம் என்ற கைப்பேசி விளம்பரத்தை நம்பி மூவாயிரம் ரூபாய் செலுத்தினேன். எண்ணத்தை மாற்றுக என்றார்கள். அடுத்த நிலைக்கு மேலும் பணம் கேட்டார்கள். அடகுக் கடை வட்டியோ மாறவில்லை.

பின்னர், நிதிக் கல்விக்கான தேசிய மையத்தின் கட்டணமில்லா இணையப் பாடங்களைப் படித்தேன். வரவு செலவுத் திட்டம் பற்றிய பாடத்தைப் படித்ததும், எல்லாக் கடன்களையும் ஒரு தாளில் எழுதினேன். கடன் குறையவில்லை, ஆனால் அச்சத்திற்கு ஓர் எல்லை கிடைத்தது. எதை முதலில் அடைப்பது என்பது தெளிவாயிற்று. வளையல்கள் மீளப் பதினான்கு மாதங்கள் ஆயின.

எழுதிக் கணக்கிடுதல் நமக்குப் புதிதன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282), கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதே. வள்ளுவரும் வலியறிதல் அதிகாரத்தில் வரவையும் செலவையும் சேர்த்தே சிந்திக்கிறார்.

மாணவச் செல்வங்களே! இணையவழிப் பயிற்சி ஒன்றில் சேருமுன் மூன்று வினாக்கள் கேளுங்கள். நடத்துபவர் யார்? கட்டணம் எவ்வளவு? கற்பிப்பது தொழிலையா, கனவையா? 2017இல் இந்திய அரசு தொடங்கிய 'ஸ்வயம்' தளத்தில் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். சான்றிதழ்த் தேர்வுக்கே கட்டணம். பயிற்சிக் கட்டணத்திற்காகக் கடன் செயலியை நாடுவது நெருப்பை அணைக்க நெய் ஊற்றுவதாகும். கடனின் முழுச் செலவையும் ஆண்டு விழுக்காடாக முன்னரே தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022இல் விதித்தது. அதனை மறைப்பவரிடம் கடன் வாங்காதீர்கள். இணைய மோசடியில் பணத்தை இழந்தால் நாணாமல் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள்.

எனினும், எந்தப் பாடமும் ஊதியத்திற்கு ஈடாகாது. வருவாயே இல்லாத வீட்டில் வரவு செலவுத் திட்டம் எதைத் திட்டமிடும்? எனவே சமுதாயப் பெரியோர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வாரம் ஒரு மணி நேரம் கணினிக் கூடத்தைத் திறந்து, இப்பாடங்களை மாணவர்கள் ஆசிரியர் துணையுடன் பயில வழிசெய்வோம். கட்டணத் தவணையும் உதவித்தொகையும் பிறர் அறியாமல் கேட்டுப் பெறும் வாய்ப்பையும் ஏற்படுத்துவோம். தனிமையில் கவலைப்படும் பிள்ளைதான் பொய் விளம்பரத்திற்கு முதலில் இரையாகிறது. படிப்பையும் சொல்லாமல் கைவிடுகிறது. அருகில் ஒருவர் அமர்ந்து, "வா, எழுதிப் பார்ப்போம்" என்று சொன்னால் அப்பிள்ளை கல்லூரியிலேயே நிற்கும்.