அஞ்சு கியர் புல்லட்டும் அப்பாவோட இடது காலும்

ஊருக்குப் போறப்பல்லாம் (மங்கலம்பேட்டைங்க, விருத்தாசலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவுல) அப்பாவோட புல்லட்டைப் பார்த்து யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க. "இன்னுமா தம்பி நாலு கியர்லயே வச்சிருக்கீங்க? அஞ்சு கியர் பாக்ஸ் ஏத்திடலாமே!"

போன வருஷம் வரைக்கும் நானும் அந்தக் கட்சிதான். ஏத்தியும் பார்த்தாச்சு. இப்ப கட்சி மாறிட்டேன். ஏன்னு சொல்றேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல கொஞ்சம் வரலாறு, தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிடலாம். ராணுவம் 1954ல 800 புல்லட் ஆர்டர் குடுத்து, அடுத்த வருஷம் மெட்ராஸ்ல என்ஃபீல்ட் இந்தியா ஆரம்பிச்சாங்க இல்லையா, அப்ப வந்த டிசைன்ல வலது கால்லதான் கியர். ஆல்பியன்ங்கிற பர்மிங்ஹாம் கம்பெனி டிசைன் பண்ண நாலு கியர் பெட்டி. முதல் கியருக்கு மேல தூக்கணும், மத்த மூணுக்கும் கீழ மிதிக்கணும். பிரேக் இடது கால்ல. பக்கத்துலயே குட்டியா ஒரு நியூட்ரல் லீவர், ரெண்டு, மூணு, நாலு எதுல இருந்தாலும் குதிகாலால ஒரு அழுத்து அழுத்தினா நேரா நியூட்ரல். (இந்த ஒண்ணுக்காகவே அந்த டிசைனருக்குக் கோயில் கட்டலாம்.) திருவொத்தியூர்ல இருந்து பல தலைமுறைக்கு இதே ஏற்பாட்டுலதான் வண்டி வந்துச்சு. அதுக்குள்ள உலகம் இடது காலுக்கு மாறிடுச்சு. ஜப்பான் வண்டிகள் ஒரு காரணம், 1975 மாடல்ல இருந்து கியர் இடப்பக்கம்தான் இருக்கணும்னு அமெரிக்கா போட்ட விதி இன்னொண்ணு. நம்ம புல்லட்டுக்கு 2000க்கு அப்புறம்தான் இடது கால் அஞ்சு கியர் வந்துச்சு. 2008-09ல வந்த புது எஞ்சின்ல கியரும் எஞ்சினும் ஒரே கூட்டுக்குள்ள போயிடுச்சு.

பழைய இரும்பு எஞ்சின்ல அப்படி இல்ல. எஞ்சின் தனி, கியர்பாக்ஸ் தனி. நடுவுல பிரைமரி செயின், அவ்வளவுதான் உறவு. எங்கள மாதிரி பொட்டி தட்டுறவங்க பாஷைல சொன்னா, இன்டர்ஃபேஸ் மாறாம உள்ள இருக்கற மாட்யூலை மட்டும் மாத்தற வேலை. சும்மா போல்ட்டை முடுக்கினா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, கிளட்ச் பக்கம் சில பாகம் மாறணும், பிரேக் மிதிய வலப்பக்கம் கொண்டு போகணும். பின் சக்கர பிரேக் டிரம் இருக்கறது இடப்பக்கம், அதனால வண்டிக்குக் குறுக்கால ஒரு தண்டு போட்டு இழுக்கணும். ஆனா செய்யக்கூடிய வேலைதான். ஆர்சி புக்லயும் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பருக்குத்தான் இடம், கியர்பாக்ஸை யாரும் கேக்கறதில்ல.

இந்த மாதிரி மாத்தறது உலகம் பூரா நடக்குது. மாஸ்டா எம்எக்ஸ்-5னு ஒரு ஸ்போர்ட்ஸ் கார், 1989ல வந்த முதல் தலைமுறைல அஞ்சு கியர். அடுத்த தலைமுறைல வந்த ஆறு கியர் பெட்டிய அதுல ஏத்தி ஓட்டறவங்க நிறைய. நம்மூர்ல ஆர்எக்ஸ் 100ல, பின்னாடி வந்த ஆர்எக்ஸ் 135ஓட அஞ்சு கியரைப் போடறாங்க. நான் மயங்கினது இங்கதான். அந்தக் கார்ல எத்தனை கியர் ஏத்தினாலும் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் அதே வரிசைதான். ஆர்எக்ஸ்லயும் கியர் அதே இடது கால்தான். ஓட்டறவன் ஒரு கியர் கூட எண்ணிக்கிட்டா போதும். புல்லட்ல மட்டும் கால் மாறுது, திசையும் தலைகீழா மாறுது, பிரேக்கும் எதிர்க் காலுக்குப் போகுது. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்ச மண்டைக்கு இது உறைக்கல.

இனி கொசுவர்த்தி. எங்களோடது 1986 மாடல். அப்பா விருத்தாசலத்துல ஒரு பீங்கான் பட்டறைல சூளை பாத்துக்கிட்டிருந்தார். ரிட்டையர் ஆகற வரைக்கும் தினமும் இந்த வண்டிதான். நான் பெங்களூர்ல ஓட்டறது இடது கால் வண்டி. ரெண்டு வருஷம் முன்னாடி பொங்கல் லீவுல அப்பா வண்டிய எடுத்துக்கிட்டு விருத்தாசலம் போனேன். முன்னாடி போன பஸ் கைகாட்டாம நின்னுச்சு. பழக்க தோஷத்துல பிரேக்னு நினைச்சு வலது காலை ஓங்கி மிதிச்சேன். மூணுல இருந்த வண்டி நாலுக்குப் போச்சு! நிக்கறதுக்குப் பதிலா கயிறு அவுத்துவிட்ட மாடு மாதிரி வழுக்கிட்டுப் போவுது. முன் பிரேக்கைப் பிடிச்சு, ரோட்டை விட்டு மண்ணுல இறங்கித் தப்பிச்சேன். வீட்ல மூச்சு விடல.

அதோட முடிவு பண்ணிட்டேன், வண்டிய மாத்தணும்னு. ஆபத்தான டிசைன், உலகமே கைவிட்ட டிசைன், பார்ட்ஸ் தேய்ஞ்சு போலி நியூட்ரல் வேற விழுதுன்னு அப்பாகிட்ட ஒரு பிரசன்டேஷனே குடுத்தேன். அவர் "உனக்கு சவுரியம்னா செய்டா"ன்னார். சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். எங்க மெக்கானிக் அண்ணன் மட்டும் கேட்டார், "தம்பி, மாத்தறதுல ஒண்ணுமில்ல. ஓட்டப்போறது யாரு?" ரெண்டு பேரும்தான்னேன். அவர் தலைய சொறிஞ்சுக்கிட்டு வேலைய ஆரம்பிச்சார்.

வேலை சுத்தம். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்துச்சு. நான் உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஒரு ரவுண்டு போய்ட்டு வந்து, அன்னிக்கு ராத்திரியே பெங்களூர் பஸ் ஏறிட்டேன்.

பதினோராம் நாள் அம்மா போன். கடைத்தெருல கரும்பு ஏத்தின டிராக்டர் நின்னிருக்கு. அப்பா நிதானமாத்தான் வந்திருக்கார். முப்பது வருஷத்துக்கு மேல பிரேக் போட்ட இடது காலை அழுத்தியிருக்கார். வண்டி கீழ் கியருக்கு இறங்கி ஒரு உறுமல், பின் சக்கரம் ஒரு இழுப்பு. நிக்கல. டிராக்டர்ல மோதாம ஒடிச்சு சாய்ச்சிருக்கார். இடது மணிக்கட்டுல விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் ஓடிவந்து கட்டில் பக்கத்துல நின்னப்ப திட்டுவார்னு எதிர்பார்த்தேன். "வண்டி நல்லாத்தான்டா இருக்கு. காலுக்குத்தான் யாரும் சொல்லல"ன்னார். திட்டியிருந்தா தேவலாம்.

யூஸரை ஒரு வார்த்தை ஒழுங்காக் கேக்காம புரொடக்ஷன்ல ஏத்தற வேலைய ஆபீஸ்ல எவனாவது செஞ்சா நாம எப்படிக் கிழிப்போம்? அதையேதான் நான் வீட்ல செஞ்சேன். எனக்கு வந்த ஆபத்தை அப்படியே தூக்கி அப்பா பக்கம் வச்சுட்டு, பிரச்சினை தீர்ந்துச்சுன்னு நினைச்சிருக்கேன்.

இதைச் சொன்னதும் "ஒரிஜினல்" கட்சிக்காரங்க துள்ளிக் குதிப்பாங்க, பாத்தியா, பழைய வண்டில கை வைக்கக் கூடாதுன்னு. அவங்களோடயும் நான் இல்லீங்க. ஒரிஜினல்னா ரீசேல் விலைதான் அவங்க மனசுல. ஆல்பியன் பெட்டி கிரீஸ் கக்கும், அலுத்துப்போனா கியர் நழுவும், அதைக் கும்பிட்டுக்கிட்டு இருக்க வேண்டிய அவசியமில்ல. ஒருத்தரே வாங்கி, ஒருத்தரே ஓட்டற வண்டின்னா, அவருக்கு இடது கால்தான் பழக்கம்னா, தாராளமா மாத்தட்டும். நானே கூட வந்து ஸ்பேனர் பிடிக்கறேன். ஆனா அஞ்சு கியர் போட்டா பறக்கும்னு மட்டும் நம்பாதீங்க. இருக்கறது 18 குதிரை. ரெண்டு பெட்டிலயும் டாப் கியர் ஒண்ணுக்கு ஒண்ணுதான். நடுவுல படிகள் நெருக்கமாகும், அந்த சொகுசு உண்மை. வேகம் கூடாது.

என் கட்சி இதுதான். ரெண்டு தலைமுறை ஓட்டற வண்டின்னா, அதை அதிக வருஷம் ஓட்டின காலுக்குத்தான் முதல் உரிமை. முப்பது வயசுக் கால் புதுசாக் கத்துக்கும். அறுபத்தஞ்சு வயசுக் காலைக் கத்துக்கச் சொல்றது அநியாயம். அதுவும் வண்டிய விட்டா டீக்கடைக்கும் பேங்குக்கும் யாரையாவது எதிர்பாக்கணும்னு இருக்கற மனுஷன்கிட்ட.

கட்டு பிரிச்ச வாரமே பழைய பெட்டிய திரும்ப ஏத்தியாச்சு. நல்லவேளை, மெக்கானிக் அண்ணன் அதைக் காயலான் கடைக்குப் போடாம எண்ணெய் தடவி வச்சிருந்தார். "திரும்பி வருவீங்கன்னு தெரியும் தம்பி"ன்னார். ரோல்பேக் பிளான் வச்சிருந்தது அவர்தான், நான் இல்ல :-)

நான் ஊருக்குப் போனா முதல் அரை மணி நேரம் வீட்டுக்குப் பின்னாடி முந்திரித் தோப்பு மண் ரோட்டுலதான் ஓட்டறேன். வலது தூக்கு, வலது மிதி, இடது பிரேக். அப்பா திண்ணைல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பார். அவர் தலையாட்டினாத்தான் தார் ரோடு.

டிஸ்கி: அஞ்சு கியர் பெட்டி ஒண்ணு எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடில சாக்குல கிடக்கு. யாருக்காவது வேணும்னா பின்னூட்டத்துல சொல்லுங்க. வாங்கறதுக்கு முன்னாடி வீட்ல வேற யாரு ஓட்டறாங்கன்னு நான் கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது.