எழுத்துக் கூட்டி வாசிக்கட்டும் எம் பிள்ளைகள்

ஐந்து வயதுப் பிள்ளையொன்று ‘அ’ தொடக்கம் ‘ஃ’ வரை ஒரே மூச்சில் ஒப்புவித்தால் வீட்டார் அகமகிழ்ந்து போகின்றனர். ‘க, ங, ச’ என்று தொடர்ந்து சொன்னால் அயலவரையும் அழைத்துச் சொல்லிக் காட்டச் செய்கின்றனர். ஆனால் அதே பிள்ளையின் முன்னால் ‘மரம்’ என்ற சொல்லை எழுதிக் காட்டினால், பல வேளைகளில் அது வாய் திறவாமல் நிற்கின்றது. எழுத்துக்களின் வரிசை தெரிகின்றது, வாசிக்கத் தெரியவில்லை. இவ்விரண்டும் வெவ்வேறு விடயங்கள் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு விவசாயக் குடும்பத்திற்கு வாசிப்பு என்பது பரீட்சைக்கு மாத்திரம் உரியதன்று. காணி உறுதியில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது, கடன் பத்திரத்தில் எதற்குக் கையொப்பம் வைக்கின்றோம், கிருமிநாசினிப் போத்தலில் எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு மருந்து என்று சொல்லப்பட்டிருக்கின்றது என்பவற்றைத் தானே வாசித்து அறியாதவன் பிறர் சொல்வதை நம்பியே வாழ வேண்டியவனாகின்றான். காணியை இழந்து நிற்கும் குடும்பங்களுக்கு இதன் தாக்கம் இன்னும் அதிகம். ஆகவே பிள்ளைக்கு வாசிப்பை எம்முறையில் தொடங்கிக் கொடுப்பது என்ற கேள்வியை ஆசிரியர்களிடம் மாத்திரம் விட்டுவிடாமல் பெற்றோரும் சிந்திப்பது நன்று.

வாசிப்புக் கற்பிக்கும் முறைகள் பொதுவாக மூன்று எனலாம். முதலாவது, எழுத்துக்களை வரிசைப்படி முழுவதும் பாடமாக்கிய பின்னரே சொல்லுக்கு வருவது. எமது பாட்டன்மார் கற்றது பெரும்பாலும் இவ்வாறே. இரண்டாவது, படத்தோடு சேர்த்து முழுச் சொல்லையோ வசனத்தையோ காட்டி, அதன் தோற்றத்தை மனதில் பதிய வைப்பது. மூன்றாவது, சில எழுத்துக்களின் ஒலியை மட்டும் முதலில் கற்பித்து, அன்றைய தினமே அவ்வொலிகளைக் கூட்டிச் சொல் வாசிக்கச் செய்வது. இன்று நகரங்களில் ‘பொனிக்ஸ்’ என்ற பெயரில் பேசப்படுவது இம்மூன்றாவது முறையே. பெயர்தான் புதிது. ‘எழுத்துக் கூட்டி வாசித்தல்’ என்று எமது மொழியில் அதற்கு முன்னரே பெயர் உண்டு.

இம்மூன்றாவது முறையே எமது பிள்ளைகளுக்கு ஏற்றது என்பது எமது கருத்து. அதற்கு ஒரு முக்கிய காரணம் எமது இடம்பெயர்ந்த வாழ்க்கையிலேயே உள்ளது.

1990 ஜூனில் வலிகாமம் வடக்கு மக்களும், அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இருந்த மக்களும் ஊரை விட்டுப் பெயர்ந்தனர். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் இடத்துக்கு இடம் ஓடி இறுதியில் முள்வேலிக்குள் வந்து சேர்ந்தனர். அன்று மரத்தடியிலும் தறப்பாள் கொட்டிலிலும் படித்த பிள்ளைகளே இன்றைய இளம் பெற்றோர். இன்றும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருப்போர் உண்டு. கூலி வேலையைத் தேடிப் போகத்திற்குப் போகம் ஊர் மாறுவோரும் உண்டு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் நீண்ட காலம் மூடிக் கிடந்தபோது, ஊர் மாறாத பிள்ளைகளின் படிப்பும் அறுந்தது.

இவ்வாறு படிப்பு அடிக்கடி அறுபடும் பிள்ளைக்கு வரிசை முறை பெரும் அநீதி செய்கின்றது. அந்த முறையில் கடைசி எழுத்து வரையும் போய்ச் சேர்ந்தவனுக்கே பலன் கிடைக்கும். இடையில் பெயர்ந்தவன் புதிய இடத்தில் மீண்டும் ‘அ’ என்று தொடங்குவான். மூன்று பாடசாலை மாறியவன் மூன்று முறை ‘அ’ படித்திருப்பான். ஒரு முறையேனும் ‘மரம்’ என்று வாசித்திருக்க மாட்டான். ஒலி முறையிலோ எந்த இடத்தில் நிறுத்தினாலும் பிள்ளையின் கையில் ஏதோ மிஞ்சும். ஆறு எழுத்துக் கற்றவன் ஆறு எழுத்தின் அளவுக்கு வாசிப்பான். ஒரே நாளில் அறுவடையாகும் நெல்லை விட, வாரந்தோறும் பிடுங்கக்கூடிய கீரைப் பாத்தியே பெயர்ந்து திரியும் குடும்பத்தைக் காப்பாற்றும் என்பதை நாம் அறிவோம் அல்லவா?

இதனை எவ்வாறு செய்வது? உதாரணமாக ப, ட, ம, ர, க, ல என்ற ஆறு எழுத்துக்களையும் ம், ட், ல் என்ற குற்று வைத்த மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டாம். முதலில் ப, ட, ம் மூன்றையும் காட்டி, ஒவ்வொன்றினதும் ஒலியைச் சொல்லி, பின் சேர்த்து ‘படம்’ என்று வாசிக்கச் செய்யுங்கள். அடுத்து ‘மரம்’. அதன்பின் பட்டம், கல், பல், கடல், பகல், மடல். இப்படியே எட்டுச் சொற்கள் வந்துவிடுகின்றன. பின்னர் ‘அரவு’ என்ற ஒரு குறியை மட்டும் கொடுங்கள். பால், கால், பாடம், பாலம், காகம், மாமா, பலா என்று சொற்கள் பெருகும். ‘அ’வும், ப், க் என்ற இரண்டும் சேர்ந்தால் அம்மா, அப்பா, அக்கா ஆகிய மூவரும் பிள்ளையின் கொப்பிக்குள் வந்துவிடுவர்.

தமிழ் எழுத்து 247 என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்தத் தேவையில்லை. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. மீதி 216உம் உயிர்மெய். இந்த 216ஐயும் தனித்தனியாகப் பாடமாக்க வேண்டியதில்லை. அரவு என்ன செய்யும், விசிறி என்ன செய்யும், கொம்பு என்ன செய்யும் என்று குறியின் வேலை விளங்கினால், ஒரு வரிசையில் கற்றதை மற்ற வரிசைகளுக்கும் பிள்ளை தானே கொண்டு போகும். மெய்யெழுத்தை ‘இக்’, ‘இம்’ என்று பெயர் சொல்லிக் கூட்டச் சொல்வது மட்டும் வேண்டாம். ‘இக்’கும் ‘அ’வும் சேர்ந்தால் ‘க’ என்பது பெரியவர்களுக்கு விளங்கும் இலக்கணம். சிறு பிள்ளையின் காதில் அது ‘இக்அ’ என்றே விழும். ‘க’ என்பதை ஒரே ஒலியாகவே கொடுங்கள்.

சில இடர்ப்பாடுகளும் உண்டு. ‘கல்’லில் வரும் ககரமும், ‘பகல்’, ‘பங்கு’ என்பவற்றில் வரும் ககரமும் ஒலியில் ஒன்றல்ல. பிள்ளை முதலில் ‘பக்கல்’ என்று வாசிக்கக்கூடும். அது பிழையன்று, முயற்சி. ‘சூரியன் இருக்கும் நேரம் எது?’ என்று கேட்டால் தானே திருத்திக்கொள்ளும். ‘கெ’ என்பதில் கொம்பு முன்னே நிற்கின்றது, அதன் ஒலியோ பின்னே வருகின்றது. கு, சு, து என்பவற்றில் உகரக் குறி ஒவ்வொரு விதமாக வளைகின்றது. இவற்றை அவசரப்படாமல் பின்னர் கொடுப்பது நல்லது. ‘போட்டு வாறன்’ என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் ‘போய்விட்டு வருகிறேன்’ என்று கண்டால் திகைக்கும். ஆதலால் பேச்சிலும் எழுத்திலும் ஒன்றாகவே இருக்கும் சொற்களோடு தொடங்குவதே நன்று. பல ஊர்களில் நாம் ‘ழ’வையும் ‘ள’ போலவே சொல்வதால், ‘பழம்’ என்பதைப் பிள்ளை ‘பளம்’ என்று எழுதினால் அடிக்க வேண்டாம். அது தன் காதில் கேட்டதை உண்மையாக எழுதியிருக்கின்றது.

‘நாங்களும் வரிசையாகத்தானே படித்தோம், வாசிக்கவில்லையா?’ என்று முதியோர் கேட்பர். கேள்வி நியாயமானதே. ஆனால் அம்முறையில் படித்து மேலே வந்தவர்கள்தான் இன்று இக்கேள்வியைக் கேட்கின்றனர். இடையில் நின்று வயலுக்குப் போனவர்கள் கேட்பதில்லை. மேலும், பழைய திண்ணைப் பள்ளியில் வாயாற் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதினார்கள். ஒலியும் கையும் சேர்ந்தே ஓடின. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த மிசனரி சீகன்பால்க்கும் சிறு பிள்ளைகளோடு இருந்து மணலில் எழுதியே தமிழ் எழுத்தைக் கற்றுக்கொண்டார். அந்த மணல் எமது முற்றத்தில் இன்றும் இருக்கின்றது. அதற்குப் பணம் வேண்டியதில்லை. வரிசையைப் பின்னர் பாடமாக்கலாம். அகராதி பார்ப்பதற்கு அது உதவும்.

முழுச் சொல்லைக் காட்டும் இரண்டாவது முறையில் நன்மை இல்லாமலில்லை. பொருள் விளங்கி வாசிக்க வேண்டும் என்பதை அது மறக்காது வைத்திருக்கின்றது. எத்தியோப்பிய நிதி அமைச்சர் தேரிலிருந்து ஏசாயாவின் நூலை வாசித்தபோது, வாசிப்பது விளங்குகின்றதா என்றே பிலிப்பு அவரிடம் கேட்டார் எனத் திருத்தூதர் பணிகள் கூறுகின்றது. விளங்காத வாசிப்பு அரை வாசிப்பே. ஆகவே இரவில் பிள்ளைக்குக் கதை சொல்லுங்கள், வாசித்துக் காட்டுங்கள். ஆனால் படத்தைப் பார்த்துப் பக்கத்தை மனனம் செய்வதை வாசிப்பு என்று ஏமாந்துவிட வேண்டாம். சோதிப்பது எளிது. பாடத்தின் கடைசி வரியிலிருந்து ஒரு சொல்லைத் தனியே எழுதிக் காட்டுங்கள். அல்லது ‘லமட’, ‘ரபல்’ என்று பொருளில்லாத சொல்லை எழுதிக் காட்டுங்கள். ஒலி தெரிந்த பிள்ளை அதையும் வாசிக்கும். இங்கிலாந்தில் 2012 முதல் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு நடைபெறும் 40 சொற் சோதனையிலும் 20 சொற்கள் இவ்வாறு பொருளற்றவையே.

இனி, ஆங்கில ‘பொனிக்ஸ்’ வகுப்பைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலியோ ஏறக்குறைய 44. ஒரே எழுத்துக்குப் பல ஒலி, ஒரே ஒலிக்குப் பல எழுத்து. அந்தச் சிக்கலைத் தீர்க்கவே அங்கே ஒலி முறையா சொல் முறையா என்று நெடுங்காலம் விவாதித்து, 2006இல் இங்கிலாந்து ஒலி முறையைத் தெரிந்தெடுத்தது. தமிழில் அச்சிக்கல் மிகக் குறைவு. தமிழில் ஒரு சொல்லையும் கூட்டி வாசிக்கத் தெரியாத பிள்ளையை, கடன்பட்டுப் பணம் கட்டி அவ்வகுப்புக்கு அனுப்புவது வரம்பு கட்டாத வயலுக்குத் தண்ணீர் இறைப்பது போன்றது. எழுத்து என்பது ஒலியின் அடையாளம் என்ற உண்மையைத் தமிழில் கண்டுகொண்ட பிள்ளைக்கு ஆங்கில எழுத்தும் இலகுவாகும். ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை; முந்த வேண்டியது எது என்பதையே சொல்கின்றோம்.

‘எனக்கே வாசிக்கத் தெரியாது, நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?’ என்று தயங்கும் தாய்மாரும் அப்பம்மாக்களும் இருக்கின்றனர். ஒலி முறையின் முதற்படிக்கு எழுத்தே தேவையில்லை. களை பிடுங்கும்போதும் அடுப்படியில் இருக்கும்போதும், ‘ம’ என்று தொடங்கும் பொருள் எவை என்று பிள்ளையிடம் கேளுங்கள். மண், மரம், மழை, மஞ்சள் என்று அது தேடட்டும். ‘கடல்’ என்பதில் முதலில் என்ன ஒலி, முடிவில் என்ன ஒலி என்று கேளுங்கள். காது பழகினால் கண் விரைவில் பழகும். எழுத்தை மூத்த பிள்ளை காட்டிக் கொடுக்கலாம். நாளுக்கு 15 நிமிடம் போதும். ஆனால் அது நாள்தோறும் நடக்க வேண்டும்.

பங்குகளுக்கும் இதில் பொறுப்புண்டு. 1980 முதல் அரசாங்கம் பாடநூல்களை இலவசமாகத் தருகின்றது. புத்தகம் கிடைத்தும் அதைத் திறந்து வாசிக்க முடியாத பிள்ளை எமது ஆலய வாங்கிலும் அமர்ந்திருக்கின்றது. மறைக்கல்வி வகுப்பில் செபங்களை ஒப்புவிக்கச் செய்வதோடு நில்லாமல், கால் மணி நேரம் எழுத்துக் கூட்டி வாசிக்கவும் வைக்கலாம். பழைய செபப் புத்தகங்களைப் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978இல் தமிழ்நாட்டரசு ணா, றா, னா, ணை, லை முதலிய 13 எழுத்துக்களின் வடிவத்தை மாற்றியது. பின்னர் எமது நாட்டிலும் அது பரவியது. பழைய அச்சில் ‘லை’ தும்பிக்கை போல வளைந்திருக்கும். முதன்முதல் வாசிக்கும் பிள்ளையிடம் புதிய அச்சையே கொடுங்கள்.

காணியை விட்டு வந்தோம்; வீட்டை, மாட்டை, கிணற்றை விட்டு வந்தோம். பிள்ளை கற்ற ஓர் எழுத்தின் ஒலியை எவரும் பறித்ததில்லை. அதைச் சுமக்கச் சாக்கும் வேண்டியதில்லை. ஆகவே, பெற்றோரே, நாளை மாலையே முற்றத்து மணலில் ப, ட, ம் என்ற மூன்று எழுத்துக்களை எழுதிப் பிள்ளையை அருகே அழையுங்கள்.