சாபமா? கணக்கா?

பூமிக்குள் செல்வம் புதைந்து கிடக்கும் தேசங்களில் அநேகம் தரித்திரத்தில் உழலுகின்றன. காரணம் என்னவென்று கேட்டால் பொருளாதாரப் பண்டிதர்கள் "வளத்தின் சாபம்" என்கிறார்கள். சாபமாம்! முனிவர் சபித்தார், ஒருத்தி கல்லானாள் என்று பாட்டி சொன்னால் சிரிக்கிற கனவான்கள், சர்வகலாசாலையார் அதே வார்த்தையைச் சொன்னால் தலையாட்டுகிறார்கள். சபித்தவன் யாரென்று கேட்க வேண்டாமா, தோழர்களே?

பசிபிக் சமுத்திரத்தில் நௌரு என்றொரு தீவு. மொத்தமே 21 சதுர கிலோமீட்டர். அதன் மண்ணில் பயிருக்கு உரமாகும் பாஸ்பேட் இருந்தது. முதல் உலக யுத்தத்துக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று சர்க்கார்களும் கூட்டுச் சேர்ந்து அதை அள்ளித் தங்கள் குடியானவர்களுக்கு மலிவாகக் கொடுத்தன. தீவுக்காரனுக்குக் கிடைத்தது சொற்பம். 1968-ல் விடுதலை வந்தது. 1970-ல் சுரங்கமும் கைக்கு வந்தது. பணம் கொட்டிற்று. பிற்காலத்துக்கென்று நிதி வைத்தார்கள், வைத்தது சரிதான். ஆனால் அந்தப் பணத்தில் மெல்போர்னில் வானளாவக் கட்டடம் எழுப்பினார்கள். 1993-ல் லண்டனில் லியனார்டோ டாவின்சியைப் பற்றிய சங்கீத நாடகத்துக்கும் இறைத்தார்கள்! நாடகம் சில வாரங்களில் படுத்துவிட்டது. 2004-ல் கட்டடமும் கடனுக்குப் போயிற்று. இதில் சபித்த முனிவன் எவன்? முன்னே அந்நியன் கொள்ளை, பின்னே சொந்தக்காரனின் ஊதாரித்தனம். இவ்வளவுதானே!

போட்ஸ்வானாவைப் பாருங்கள். 1966-ல் விடுதலையடைந்தபோது பரம ஏழை தேசம். மறு வருஷம் ஒராபாவில் வைரம் அகப்பட்டது. அந்த 1967-லேயே, தரைக்கடியில் உள்ளது எந்தக் குலத்தாருக்குமல்ல, தேசத்துக்கே சொந்தம் என்று சட்டம் செய்தார்கள். ஒராபாவோ தலைவர் செரெட்சே காமாவின் சொந்தக் குலத்தார் பூமி! கம்பெனியோடு பேரம் பேசிப் பிறகு சரிபாதிப் பங்கும் வாங்கினார்கள். பள்ளிக்கூடம் வந்தது, ரோடு வந்தது. வைர விலை விழுந்ததில் அங்கும் இப்போது பணமுடைதான். வேறு தொழில்களைப் போதிய அளவு வளர்க்காத தவறு அது. அதுவும் சாபமன்று.

நெல் மறுபோகம் விளையும், தாது விளையாது. ஆகையால் தோண்டுகிறவன் குழி மூடும் செலவை மண்வெட்டி போடுமுன்பே கட்டிவிட வேண்டும். வரவையும் செலவையும் வருஷந்தோறும் தமுக்கடித்து ஊரறியச் சொல்ல வேண்டும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றால் என்ன ஆகும்? பாழான நிலத்துக்காக நௌரு 1989-ல் ஆஸ்திரேலியாவை உலகக் கோர்ட்டுக்கு இழுத்தது. 1993-ல் 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு ராஜியாயிற்று. தீவின் நடுப்பாகம் இன்னும் பல் பல்லான சுண்ணாம்புக் கல்லாகவே நிற்கிறது.