தொட்டிலிலேயே தொடங்கட்டும் தமிழ்

பிள்ளை ஏழு வயதில் பள்ளிக்குப் போனதும் தமிழ் படித்துக்கொள்ளும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அதுவரை மூளை காத்திருக்குமா?

பிறந்த குழந்தையின் மூளையில் நரம்பணுக்களுக்கிடையே இணைப்புகள் மளமளவெனப் பெருகுகின்றன. பயன்படுபவை வலுப்பெறும், பயன்படாதவை கழிக்கப்படும். 1984இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் வெளியிட்ட ஆய்வு, காது எவ்வளவு விரைவில் பழகிவிடுகிறது என்பதைக் காட்டியது. ஆங்கிலச் சூழலில் வளர்ந்த ஆறேழு மாதக் குழந்தைகள், இந்தியில் நம் டகர, தகர ஒலிகளை ஒத்த வேறுபாட்டைப் பிரித்துணர்ந்தன. முதல் பிறந்தநாள் நெருங்குவதற்குள் அத்திறன் பெரிதும் குன்றிவிட்டது.

அப்படியானால் தமிழ்த் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டால் போதுமா? போதாது. 2003இல் பெட்ரீஷியா கூல் குழுவினர் அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கச் செய்தனர். நேரில் ஒருவர் பேசி விளையாடியபோது குழந்தைகள் சீன ஒலிகளைக் கற்றன. திரையில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை.

ஆகவே, தமிழாசிரியரை மட்டும் குறை கூறுவது நியாயமன்று என்பது என் கருத்து. முதல் தமிழ் வகுப்பு வீட்டுத் தொட்டிலில்தான் நடக்கிறது. காலம் கடந்தாலும் தமிழ் கற்கலாம். ஆனால் முயற்சி பன்மடங்காகும்.

நண்பர்களே, திட்டமிடவும் தன்னைக் கட்டுப்படுத்தவும் உதவும் முன்மூளை, இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்கிறது. நம் பழக்கங்களும் இன்னும் உருவாகிக்கொண்டுதான் இருக்கின்றன. அக்காள் பிள்ளை வீட்டுக்கு வந்தால், கைத்தொலைபேசியை ஓரமாக வைத்துவிட்டுத் தமிழில் கொஞ்சுங்கள். நாளைய பெற்றோர் நாம்தாம்; பழக்கத்தை இன்றே தொடங்குவோம்.