படியில் அமர்ந்தோருக்கு அபராதம், நகரை விலைபேசுவோருக்கு வரவேற்பு

2019 ஜூலையில் ஜெர்மனியைச் சேர்ந்த இரு பயணிகள் வெனிஸ் நகரின் ரியால்டோ பாலத்தருகே படியில் அமர்ந்து, தாம் கொண்டுவந்த சிறு அடுப்பில் காப்பி தயாரித்தனர். இருவருக்குமாக 950 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. நகரைவிட்டு வெளியேறவும் ஆணையிடப்பட்டது. ஆறாண்டுகளுக்குப் பின், 2025 ஜூனில், அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தமது திருமணத்தை அதே நகரில் பல நாள் விழாவாகக் கொண்டாடினார். தனி விமானங்கள் வந்திறங்கின; சொகுசு விடுதிகளும் வாடகைப் படகுகளும் அவருடைய விருந்தினர்களுக்கு ஒதுக்கப்பட்டன. வீதியில் இறங்கி எதிர்த்தவர்கள் நகரவாசிகள். மணமக்களைப் பெருமிதத்தோடு வரவேற்றது மாநகராட்சி.

வெனிஸின் விதிகள் யாவும் தவறானவை என்பதன்று நம் வாதம். கால்வாயில் நீந்தினால் 350 யூரோ. புனித மார்க் சதுக்கத்தின் படிகளில் அமர்ந்து உணவு உண்டால் 100 முதல் 200 யூரோ. புறாக்களுக்கு இரையிடத் தடை. 2024 ஆகஸ்டு முதல் வழிகாட்டியுடன் வரும் குழுவில் 25 பேருக்கு மேல் கூடாது, ஒலிபெருக்கியும் கூடாது. இரண்டு பேர் எதிரெதிரே நடக்கவே இடமில்லாத சந்துகள் நிறைந்த ஊரில், பால்வாங்கச் செல்லும் முதியவருக்கு வழிவிடுவது விருந்தினரின் கடமையே. பிறர் குடியிருப்புக்குள் நுழைகிறோம் என்ற உணர்வு பயணிக்கு வேண்டும்.

ஆனால், இவ்விதிகளின் பின்னுள்ள ஒரு சொல் கவனத்துக்குரியது. இத்தாலியச் சட்டமொழியில் அது 'தெக்கோரோ'. கண்ணியம், ஒழுங்கு, எழில் ஆகிய மூன்றையும் ஒருசேரக் குறிப்பது. தமிழில் ஒற்றைச் சொல்லில் பெயர்ப்பது கடினம். 2017இல் இயற்றப்பட்ட நகர்ப்புறப் பாதுகாப்புச் சட்டம், இந்தக் கண்ணியத்தைக் குலைப்பவரை 48 மணிநேரம் ஓரிடத்திலிருந்து அகற்றும் அதிகாரத்தை வழங்கியது. வீடற்றோர், இரவலர், நடைபாதை வியாபாரிகள் ஆகியோரே அச்சட்டத்தின் முதல் இலக்குகள். போலிப் பைகளை வாங்கும் பயணிக்கும் 7,000 யூரோ வரை தண்டம் உண்டு. அப்பையை விரித்து விற்பவரோ, பெரும்பாலும், செனகலிலிருந்தோ வங்கதேசத்திலிருந்தோ பிழைப்புத் தேடி வந்த உழைப்பாளி. ஏழையின் இருப்பே எழிலுக்கு ஊறு என்று கருதும் சட்டம் கண்ணியத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொள்வது முரண்.

மற்றொரு சொல் 'கொந்த்ரிபூத்தோ'. பங்களிப்பு என்பது பொருள். 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில், பகல்வேளையில் நகருக்குள் நுழையும் பயணி செலுத்தவேண்டிய 5 யூரோவுக்கு மாநகராட்சி இட்ட பெயர் அது. விரும்பி அளிப்பதன்றோ பங்களிப்பு! செலுத்தத் தவறினால் அபராதம் 50 முதல் 300 யூரோ வரை. அவ்வாண்டின் 29 நாட்களில் சுமார் 4.85 லட்சம் பேர் செலுத்தினர். கிடைத்தது 24 லட்சம் யூரோவுக்கு மேல். நெரிசலோ குறையவில்லை. மறு ஆண்டில் நாட்கள் 54 ஆயின. கடைசி நேரத்தில் பதிவு செய்வோருக்குக் கட்டணம் 10 யூரோவானது. விடுதியில் தங்குவோர் தங்கல்வரி செலுத்துவதால் அவர்களுக்கு விலக்கு. விடுதிக்கு வாடகை கொடுக்க இயலாமல் காலையில் வந்து மாலையில் திரும்புவோரே வாயிலில் நிறுத்தப்படுகின்றனர். 5 யூரோ எந்தச் செல்வந்தரையும் தடுக்காது.

நகரைக் காலிசெய்வது எது? வரலாற்று வெனிஸில் 1951இல் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022இல் அத்தொகை 50,000க்குக் கீழிறங்கியது. 2023இல் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை குடியிருப்போரின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டதாக நகரின் குடிமக்கள் அமைப்பினர் கணக்கிட்டு அறிவித்தனர். குடும்பம் வாழ்ந்த வீட்டை நாள்வாடகைக்கு விட்டால் பன்மடங்கு ஆதாயம் கிடைக்கும்போது, ஆசிரியரும் செவிலியரும் படகோட்டியும் நிலப்பகுதியிலுள்ள மெஸ்த்ரேவுக்குக் குடிபெயர்வதும், விடுதி அறைகளைக் கூட்டிப் பெருக்க அங்கிருந்தே அன்றாடம் வந்துபோவதும் இயல்பாகின்றன. குறுகியகால வாடகையைக் கட்டுப்படுத்தும் சிறப்பதிகாரத்தை 2022இல் நாடாளுமன்றம் வெனிஸுக்கு வழங்கியது. காப்பி அடுப்பின் மீது உடனே பாய்ந்த மாநகராட்சி, இந்த அதிகாரத்தைக் கையிலெடுக்கக் காட்டிய தயக்கம் வெளிப்படை. 2015இல் மேயரான லூயிஜி புருன்யாரோ, தற்காலிகத் தொழிலாளர்களை அளிக்கும் நிறுவனமொன்றை நிறுவிய தொழிலதிபர் என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

வெனிஸுக்கு மெய்யான பாதுகாப்பு கிடைத்த தருணமும் உண்டு. மாபெரும் சொகுசுக் கப்பல்களுக்கு எதிராக நகரமக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2019 ஜூனில் ஒரு கப்பல் கட்டுப்பாடிழந்து துறைமேடையிலும் பயணிகள் படகிலும் மோதியது. 2021 ஆகஸ்டு முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜுதெக்கா கால்வாயில் நுழையத் தடை விதிக்கப்பட்டது. பெருநிறுவனத்தின் ஆதாயத்தில் கைவைத்த விதி அது. மக்கள் திரண்டு கேட்டதால் பிறந்தது. பெசோஸின் விழாவில் ஒரு நிகழ்ச்சி, எதிர்ப்புக்குப் பின், நகரின் நடுவிலிருந்து ஒதுக்குப்புறமான ஆர்செனாலேக்கு மாற்றப்பட்டதும் அத்தகைய ஒரு சிறு வெற்றியே.

வெனிஸுக்குச் செல்பவர் படியில் அமராதிருக்கட்டும், கால்வாயில் குப்பை எறியாதிருக்கட்டும். எந்த நகரிலும் பயணிக்கான விதிப்பட்டியலைப் படிக்கும்போது, வீட்டுமனை முதலாளிக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் வாடகைச் செயலிக்கும் அங்கே எத்தனை விதிகள் உள்ளன என்பதையும் சேர்த்தே கேட்பது நம் கடமை. அந்தப் பட்டியல் நீளாதவரை, வெனிஸின் படிகள் தூய்மையாகவே இருக்கும். அவற்றில் ஏறி வீடு திரும்பத்தான் ஆளிருக்காது.